மூன்றாம் அதிகாரம், முதல் வசனத்திலிருந்து

பாறசாலை,
லெந்து ஐந்தாம் வாரம்

மக்களே,

மருமகன் நேற்று பேசினார். நீ தூங்குகிறாய் என்றார். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ரப்பர் தளிர்த்துவிட்டது, அப்பா வெட்டு தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பெண்கள் சங்கத்தில் இப்போது வேதத்தில் புலம்பல் புத்தகம் படிக்கிறோம். பாபிலோன்காரர் எருசலேமைச் சுட்டெரித்தது கி.மு. 586 வாக்கில், அந்த அழிவை நினைத்து அழுத அழுகை. ஆனால் வாய்க்கு வந்தபடி அழுதது இல்லை. எபிரெயு எழுத்து 22. நம் ஆத்திசூடி போல எழுத்து வரிசையில் பாட்டு. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், மொத்தம் 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம்தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது வரிசையும் போய்விட்டது போல என்று எனக்குத் தோன்றியது. போதகர் அப்படிச் சொல்லவில்லை.

"நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்று நம் முன்னறைக் காலண்டரில் இருக்குமே, அது மூன்றாம் அதிகாரம் 22ஆம் வசனம். ஞாயிறு பள்ளிப் பரீட்சையில் நீ மூச்சு விடாமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினாய். நான் அந்தத் தட்டை எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்! அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. எல்லாம் கர்த்தர்மேல் குற்றச்சாட்டு. கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறான் அதைப் பாடினவன். 18ஆம் வசனத்தில் நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்றே சொல்லிவிடுகிறான். அப்புறம்தான் கிருபை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ சொன்னதற்கு மாமி வாயைப் பொத்தச் சொன்னாளே, அதைவிடக் கடினமான வார்த்தை வேதத்திலேயே இருக்கிறது மக்களே. அதைச் சொன்னவனை யாரும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. மாமியிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை, போகட்டும்.

இன்னொன்று. ஐந்து அதிகாரத்திலும் கர்த்தர் வாய் திறந்ததாக வருவது ஒரே இடம், 3:57. அதுவும் "பயப்படாதே" என்ற ஒரு சொல். ஏன் இப்படி நடந்தது என்பதற்கு அங்கேயும் அவர் விளக்கம் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இந்த மாதத்தைத் தள்ளுகிறேன்.

படி என்று சொல்லவில்லை. படித்தால் 22க்கு நேராகப் போகாதே, முதல் வசனத்திலிருந்து போ. இரண்டாம் அதிகாரமும் நாலாம் அதிகாரமும் இப்போது வேண்டாம். அதில் பிள்ளைகளைப் பற்றி வருகிறது.

போன் எடுக்காவிட்டால் அம்மா என்ன நினைப்பாள் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? சரி, விடு. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், எடுத்துக் காதில் வைத்துக்கொள். ஜெபம் பண்ணினாயா என்று கேட்கமாட்டேன்.

சக்கை வற்றலும் மாங்காய் ஊறுகாயும் சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறோம். மருமகனை ஸ்டாண்டுக்குப் போகச் சொல். சாப்பாட்டை விட்டுவிடாதே.

அம்மா