பாகியங்கல குகையில் வெந்த கறி

இரத்தினபுரி
ஞாயிறு மாலை

அன்பின் சிவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடச் சுணங்கிவிட்டேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படியேறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடுவதாயில்லை.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு புளத்சிங்களப் பக்கம் பாகியங்கல குகைக்குப் போய்வந்தேன். சீன யாத்திரிகர் பாகியான் அங்கே தங்கினார் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் இலங்கைக்கு வந்தது 5ஆம் நூற்றாண்டில். அதற்கு 40,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குகையில் அடுப்பு எரிந்திருக்கிறது. அந்த அடுப்பில் என்ன வெந்தது என்பதுதான் ஒரு மாதமாக என் தலைக்குள் ஓடுகிறது.

ஆதிமனிதன் என்றாலே நமக்குப் பள்ளிப் புத்தகத்துப் படம்தான் ஞாபகம் வரும். ஈட்டியோடு பத்துப் பேர், நடுவில் யானை. பாகியங்கலவில் மண்ணைத் தோண்டிச் சலித்தபோது கிடைத்த எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. மானும் பன்றியும் கொஞ்சம்தான். இனம் தெரிந்தவற்றில் பெரும்பங்கு மந்தியும் செங்குரங்கும், அப்புறம் நம் தண்டுலேனாவும். ஆமாம், அந்த மலையணில்தான்! 2019இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இந்த ஆய்வு வந்தது. 45,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 4,000 ஆண்டுகளுக்கு முன் வரை, இடையிடையே ஆளில்லாத காலம் போக, ஏறக்குறைய இதே சாப்பாடுதான்.

"தாத்தா, சிறுத்தை தின்றுவிட்டுப் போட்ட எலும்பாகவும் இருக்கலாமே?" என்று கேட்டாள் பேத்தி. நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்த ஞாயிறு ஆட்டுக்கறி. தட்டில் மிஞ்சிய ஓர் எலும்பைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மூட்டுக்குப் பக்கத்தில், தசைநாரை அறுத்த இடத்தில், மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. பல் பட்டால் குழி விழும், கரடுமுரடாக இருக்கும். கத்தி பட்டால் கோடு. கல்லால் அறுத்தாலும் கோடுதான். அதைத்தான் ஆய்வாளர்கள் உருப்பெருக்கியில் தேடுகிறார்கள். பாகியங்கல எலும்புகளில் கோட்டோடு கருகலும் இருக்கிறது. தின்றது போக மிஞ்சிய குரங்கெலும்பைத் தீட்டிக் கூர்முனைகளும் செய்திருக்கிறார்கள். சிறுத்தை அதைச் செய்யாது. எச்சில் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பாடம் என்று வீட்டுக்காரி திட்டியது தனிக்கதை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் உண்டிவில்தான் ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்துக்கு மேலே அந்தக் காட்டில் ஒரு விடுமுறை முழுக்கத் தண்டுலேனாவைக் குறிவைத்தாய், ஒன்றாவது விழுந்ததா? உச்சிக் கிளையில் இலைக்குள் மறைந்து ஓடுகிறதை அடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்தக் குகைவாசிகளிடம் வில் இருந்திருக்கிறது என்கிறார்கள். அங்கே கிடைத்த எலும்பு முனைகளின் தேய்மானமும் உடைசலும் அம்பு என்றுதான் காட்டுகின்றனவாம். பொறியும் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதில் என்னை அசத்தியது ஒன்று. கிடைத்த குரங்கெலும்புகளில் பெரும்பாலானவை முழுதாய் வளர்ந்தவற்றினுடையவை. எலும்பின் நுனி தண்டோடு முழுதும் ஒட்டியிருக்கிறதா, பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறார்கள். எந்தக் கூட்டம் எந்த மரத்தில் அடையும், எதை அடிக்கலாம் என்றெல்லாம் தெரிந்திருந்தால்தான் இது முடியும். மழைக்காட்டில் மனிதனுக்குச் சோறு கிடைக்காது, அது பச்சைப் பாலைவனம் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் சிலர் எழுதினார்கள். நம் தோட்டத்துக் கிழவிகளிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எலும்பு நிற்கும், கிழங்கு மக்கிப்போகும். எலும்பை மட்டும் எண்ணினால் அவர்கள் இறைச்சியே தின்று வாழ்ந்ததுபோல ஒரு மயக்கம் வரும். நம்மூர்ப் பக்கம் குருவிட்ட பட்டதொம்பலென குகையில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல தோண்டியபோது கெக்குண என்ற காட்டுக்கொட்டையின் கருகிய ஓடுகளும் கிடைத்தன. கருகியதால்தான் அதுவாவது தப்பியது. நத்தை ஓடுகளும் அங்கே ஏராளம். நத்தைக் கறி என்றதும் பேத்தி முகத்தைச் சுளித்தாள். ஆற்று நத்தையை நம் வீடுகளில் மூலத்துக்கு மருந்தென்று சமைத்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். பாகியங்கலவில் படி அதிகம், முழங்காலைப் பார்த்து முடிவு செய்வோம். இங்கே குளிர் இல்லை, ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வராதே. அந்த உண்டிவில் இன்னும் உன் அண்ணன் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மூர்த்தி