லெஸ்டரில் இருக்கும் நண்பனுக்கு: நல்ல பருவத்தை நம்பி எழுதிய தவணைகள்

திருகோணமலை,
2025 ஜூன்.

அன்பின் நண்பனுக்கு,

நீ மே மாதக் கடைசியில் எழுதிய கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் நலமே, முழங்கால் நோவினால் டச்சு பே பக்கம் மாலை நடையைச் சற்றுக் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். உன் கடிதத்தின் பெரும்பகுதி லெஸ்டர் சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றியே இருந்தபடியால், மற்றச் செய்திகளை ஒதுக்கிவிட்டு நானும் அதற்கே மறுமொழி எழுதுகிறேன். 2016 இல் இங்கிலாந்தின் சம்பியனான ஒரு கழகம் ஒன்பது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை தரமிறங்கிக் கீழ்ப் பிரிவுக்குப் போனது எப்படி, கைக்கு வந்த பணமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டாய் என நினைக்கிறேன்.

பருவத்தின் கடைசி நாளான 2023 மே 28 ஆம் திகதி இரவை நான் மறக்கவில்லை. நீ கிங் பவர் மைதானத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாய். உங்கள் கழகம் வெஸ்ட் ஹாமை வென்றுகொண்டிருந்தது. ஆனாலும் உன் குரலுக்குப் பின்னால் வெல்லும் கூட்டத்தின் ஆரவாரம் எனக்குக் கேட்கவில்லை. லிவர்பூல் நகரில் எவர்ட்டன் கழகம் போண்மத்துக்கு எதிராக அடித்த ஒரு கோலைப் பற்றியே உன்னைச் சுற்றி இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவில் லெஸ்டருக்கு 34 புள்ளிகள், எவர்ட்டனுக்கு 36; எவர்ட்டன் தப்பியது, லெஸ்டர் இறங்கியது. வென்ற மைதானத்தில் நின்றுகொண்டு நீ அழுதாய். அந்த இரண்டு புள்ளிகளின் விலையை இந்தக் கடிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

வரவில் ஏற்படும் வீழ்ச்சியைச் சொல்வது எளிது. இங்கிலாந்தின் முதல் தரமான பிறீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் கழகத்துக்குக்கூட ஒளிபரப்புப் பணமாக ஆண்டுக்கு 100 மில்லியன் பவுணுக்கு மேல் கிடைக்கிறது. ஒரு படி கீழே சம்பியன்ஷிப்பில், வேறு உதவி எதுவும் இல்லாத கழகத்துக்கு வருவது பத்துப் பன்னிரண்டு மில்லியன் அளவில்தான். இதனோடு அனுசரணையாளர் கொடுக்கும் தொகை குறையும், விருந்தினர் கூடங்களின் வாடகை குறையும், சட்டை விற்பனை குறையும். நுழைவுச்சீட்டு வரவு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் உன்னைப் போன்றவர்கள் கழகம் எங்கே போனாலும் பின்னால் போகிறவர்கள்.

ஆனால் வரவு குறைவதனால் மட்டும் எந்தக் கழகமும் அழிவதில்லை. இதை நான் கடற்றொழிலாளரின் படகுக் கடன்களில் கற்றேன். நம் கரையில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் வள்ளங்கள் கரையேறிவிடும். வாடையில் வருமானம் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும், அதற்காக எந்தக் குடும்பமும் நொடித்துப் போனதில்லை. நொடித்தவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் மீன் கொட்டிய வேளையில் வந்து, அந்த மாத வருமானத்தை அளவாக வைத்து, பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை கட்டுவதாகக் கையெழுத்திட்டவர்கள். அந்தக் கையெழுத்துகளைச் சரியென்று ஏற்ற மேசையின் மறுபக்கத்தில் நானும் இருந்திருக்கிறேன்; மாசி மாதத்தில் வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன். தரமிறக்கமும் ஒரு வாடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபது கழகங்களில் மூன்று ஒவ்வோர் ஆண்டும் கட்டாயம் இறங்கியே தீரும் என்று தெரிந்திருந்தும், தாம் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கமாட்டோம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட தவணைகளே கழகங்களைக் கொல்கின்றன.

லெஸ்டரின் கணக்கைப் பார். 2020 இலும் 2021 இலும் ஐந்தாம் இடம். 2021 இல் கழக வரலாற்றிலேயே முதல் எஃப்.ஏ. கிண்ணம்; சீகிரேவ் கிராமத்தில் ஏறத்தாழ 100 மில்லியன் பவுண் செலவில் புதிய பயிற்சித் திடல். அது ஆனி மாதத்து மீன்வரத்து. அந்த ஆண்டுகளில் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகும் கழகத்துக்குரிய சம்பளங்கள் ஒப்பந்தமாயின. பின்பு கொரோனா வந்து, தாய்லாந்தில் உரிமையாளர் குடும்பத்தின் தீர்வையற்ற கடை வணிகத்தையே முடக்கியது. 2022-23 பருவத்தில் கழகத்தின் மொத்த வருமானம் ஏறத்தாழ 177 மில்லியன் பவுண். சம்பளச் செலவு மட்டும் ஏறத்தாழ 206 மில்லியன். இதை இன்னொரு முறை வாசித்துப் பார். மின்கட்டணம், பயணம், வீரர் வாங்கிய தவணை, வட்டி எதையும் சேர்க்காமலே, வந்த ஒவ்வொரு நூறு பவுணுக்கும் நூற்றுப் பதினாறு பவுண் சம்பளமாகப் போயிருக்கிறது. அதுவும் பிறீமியர் லீக்கில் இருந்த ஆண்டில். ஆகவே இரண்டு புள்ளி குறைந்ததனால் அந்தக் கழகம் கடனில் விழவில்லை. அது முன்பே கடனில் நின்றது, அந்த இரண்டு புள்ளிகள் திரையை விலக்கிக் காட்டின.

அதன் பிறகு நடப்பது அவசர விற்பனை. மூதூரில் நெல் அறுத்த கையோடு கடன்காரன் வாசலில் நின்றால் விவசாயி என்ன விலைக்குக் கொடுப்பான் என்பது உனக்குத் தெரியும். 2023 கோடையில் லெஸ்டரின் வீரர்களான மடிசன் ஏறத்தாழ 40 மில்லியனுக்கு டொட்டன்ஹாமுக்கும், பார்ன்ஸ் 38 மில்லியன் அளவில் நியூகாசிலுக்கும் போனார்கள். ஒப்பந்தம் முடிந்திருந்த ரீலமன்ஸ் ஒரு பவுணும் தராமலே அஸ்டன் வில்லாவுக்குப் போனார். இந்தக் கடைசி ஒன்றுதான் என் மனதை உறுத்துகிறது. முந்தைய ஆண்டில் விற்றிருந்தால் பணம் வந்திருக்கும். ஆனால் விற்றால் இடம் சரியும் என்ற அச்சத்தில் வைத்திருந்தார்கள் போலும், முடிவில் ஆளும் போனார், இடமும் சரிந்தது.

விற்கும்போதும் ஏட்டில் ஒரு சிக்கல் உண்டு. 30 மில்லியன் கொடுத்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு வீரரை வாங்கினால், ஆண்டுக்கு 6 மில்லியனாகவே அந்தச் செலவை எழுதுவார்கள். இரண்டாண்டு கழித்துக் கழகம் இறங்கும்போது அவருடைய ஏட்டுப் பெறுமதி 18 மில்லியன். அவசரத்தில் 12 மில்லியனுக்கு விற்றால், கையில் பணம் வந்த அதே நாளில் கணக்கில் 6 மில்லியன் நட்டம் பதிவாகும். அந்தப் பணமும் பெரும்பாலும் தவணையாகவே வரும். நட்டத்துக்கும் 2024-25 பருவத்து லீக் விதிகளில் ஓர் எல்லை உண்டு: மூன்றாண்டுக் கணக்கில் பிறீமியர் லீக்கில் கழித்த பருவத்துக்கு 35 மில்லியனும், சம்பியன்ஷிப்பில் கழித்த பருவத்துக்கு 13 மில்லியனும் என்று எண்ணுகிறார்கள். செலவு மேல்தட்டுக்குரியதாகவே இருக்க, பொறுக்கக்கூடிய நட்டத்தின் அளவு மட்டும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகச் சுருங்குகிறது.

லீட்ஸ் கழகத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 2001 இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை போன கழகம் அது. அந்த உயரத்தில் என்றும் நிற்போம் என்று எண்ணி, இனிவரும் ஆண்டுகளின் நுழைவுச்சீட்டு வரவையே ஈடாக வைத்து 60 மில்லியன் பவுண் கடன் வாங்கினார்கள். இன்னும் மைதானத்துக்கு வராத ஒருவன், வருங்காலத்தில் ஒரு சனிக்கிழமை வாங்கப்போகும் சீட்டு அன்றே செலவாகிவிட்டது. 2004 இல் இறங்கினார்கள். அதே ஆண்டில் சொந்த மைதானமான எலண்ட் றோட்டை விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2007 இல் கடனைக் கட்ட இயலாமல் நொடிப்பு நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டு, பத்துப் புள்ளிகளையும் இழந்து மூன்றாம் தரத்துக்குப் போனார்கள். 2004 இல் இறங்கியதிலிருந்து மீண்டும் மேலே வரப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. போட்ஸ்மத் 2008 இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று, 2010 இல் இறங்கி, 2013 இல் நான்காம் தரம் வரை போயிற்று. அந்த நிலையில் அதை வாங்கிக் காப்பாற்றியவர்கள் அதன் இரசிகர்கள்.

இறங்கும் கழகத்துக்குக் குடை விரிப்பது போல் பணம் கொடுக்கிறார்களே, அது போதாதா என்றும் கேட்டிருந்தாய். பரசூட் கொடுப்பனவு என்பது, எல்லாக் கழகங்களுக்கும் சமமாகப் பிரிக்கும் ஒளிபரப்புப் பங்கில் முதலாண்டு 55 வீதமும், இரண்டாமாண்டு 45 வீதமும், மூன்றாமாண்டு 20 வீதமுமாகக் கிடைப்பது. ஒரே பருவம் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கினால் மூன்றாவது ஆண்டுக் கொடுப்பனவு இல்லை. இம்முறை லெஸ்டருக்கு நேர்ந்தது அதுதான். இந்த உதவி நியாயமானது என்று முதலில் நினைத்தேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. முடிந்த 2024-25 பருவத்தில் சம்பியன்ஷிப்பின் முதல் மூன்று இடங்களில் வந்த லீட்ஸ், பேர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைட்டட் ஆகிய மூன்றும் இந்தப் பணத்தைப் பெற்றவை. குடை இல்லாதவர்கள் அவர்களோடு போட்டியிடுவதற்காகத் தம்மிடம் இல்லாத பணத்தைச் செலவழிக்கிறார்கள். பல பருவங்களில் அந்தப் பிரிவு முழுவதன் சம்பளமும் அதன் முழு வருமானத்தை விட அதிகமாக இருந்திருக்கிறது. மேலே வந்தவர்களும் நிற்பதில்லை. சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் புதிதாக ஏறிய மூன்று கழகங்களும் அப்படியே திரும்பி இறங்கிவிட்டன. ஆகவே குடை இல்லாத சண்டர்லாந்து சென்ற மாதம் வெம்பிளியில் கடைசி நிமிடங்களில் ஷெஃபீல்டை வென்று ஏறியபோது, அது உன் கழகம் இல்லையென்றாலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. 2017 இலும் 2018 இலும் அடுத்தடுத்து இறங்கி, மூன்றாம் தரத்தில் நான்கு பருவங்கள் கிடந்து எழுந்தவர்கள் அவர்கள்.

லூட்டன் மட்டும் என் கருத்துக்குள் அடங்கவில்லை, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சிறிய மைதானம், அளவான சம்பளம், கையில் குடைப்பணம் எல்லாம் இருந்தும் 2024 இலும் 2025 இலும் தொடர்ந்து இறங்கி மூன்றாம் தரத்துக்குப் போய்விட்டார்கள். சிக்கனம் ஒரு கழகத்தை உயிரோடு வைத்திருக்கும், பந்தை வலைக்குள் அனுப்பித் தராது. ஆயினும் லூட்டன் நொடித்த நிலையில் இல்லை. ஜேர்மனியில் ஹம்பேர்க் கழகம் 2018 இல் முதன்முறையாக இறங்கி ஏழு பருவங்கள் இரண்டாம் தரத்தில் இருந்து, சென்ற மாதம்தான் மேலே திரும்பியது. அந்த ஏழு ஆண்டுகளின் பிற்பகுதியிலும் போட்டிக்கு 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். வாடையில் அடுப்பெரியவைத்தது அந்தக் கூட்டம்தான்.

நம் கழகம் மாவட்ட லீக்கில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய ஆண்டு உனக்கு நினைவிருக்கும். சட்டைக்கும் பந்துக்கும் பணம் தந்துவந்த வர்த்தகர், இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார். நல்ல ஆட்டக்காரர் நால்வர் வேறு கழகத்துக்குப் போனார்கள். அவர்களை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். கிண்ணியாவுக்கு ஆடப்போன அன்று வான் பிடிக்க வழியின்றி, பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடந்தோம். அந்தக் கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். நீல மையில் உன் கையெழுத்து. அந்த ஆண்டின் முதல் பக்கத்திலேயே செலவில் நாம் வெட்டியது, ஏகாம்பரம் மைதானத்தில் நமது பயிற்சி நாட்களில் கோடு போட்ட ஐயாவுக்குக் கொடுத்துவந்த கூலி. சுண்ணாம்புத் தூள் வாங்கும் காசையும் சேர்த்து வெட்டினோம். ஆட்டக்காரர் எவருடைய வழிச்செலவையும் குறைக்க நமக்கு மனம் வரவில்லை. ஐயா அதன்பிறகும் சில வாரங்கள் வந்து, ஒன்றும் கேட்காமல் கோடு போட்டுவிட்டுப் போனார்.

பெரிய கழகங்களிலும் வெட்டு இதே திசையில்தான் விழுகிறது. ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, முகவர் இருக்கிறார். சீட்டு விற்பவர், புல் வெட்டுபவர், சமையற்கூடத்தில் நிற்பவர் ஆகியோருக்கு அந்த அளவு காவல் இல்லை. அவர்களில் பலருடைய சம்பளத்தைச் சேர்த்தாலும் நடுக்கள வீரர் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடாகாது என்றாலும், முதலில் போவது பெரும்பாலும் அவர்களே. தரமிறங்கினால் சம்பளம் இத்தனை வீதம் குறையும் என்ற வாசகத்தை வீரர் ஒப்பந்தத்திலேயே எழுதும் கழகங்கள் இருக்கின்றன. அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், இறங்கும் ஆண்டில் அலுவலகத்தில் எத்தனையோ பேரின் வேலை தப்பும். அதை வெற்றி விழா நடக்கும் ஆண்டில் எழுதவேண்டும். சரிவு தொடங்கிய பிறகு கேட்டால் எந்த முகவரும் சம்மதிக்கமாட்டார். உங்கள் நாடாளுமன்றத்தில் உதைபந்தாட்டத்துக்கென ஒரு சுயாதீன ஒழுங்குபடுத்துநரை அமைக்கும் சட்டமூலம் இந்த 2025 ஜூனில் இருக்கிறது. அந்த அமைப்பு, கழகங்களின் திட்டத்தைக் கேட்கும்போது, இறங்கினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியையே முதலில் வைக்கவேண்டும் என்பது என் விருப்பம். நான் வங்கியில் இருந்த காலத்தில், வாடை மாதத்தில் எப்படிக் கட்டுவாய் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கவேண்டும். சிலரிடம் கேட்டேன், பலரிடம் கேட்கவில்லை.

பருவச்சீட்டைப் புதுப்பிக்கலாமா என்று நீ தயங்குவதாக எழுதியிருந்தாய். உன் பணம் அங்கே வீணாகும் என்று நான் சொல்லமாட்டேன். நீ சொல்லும் அந்த வடக்குப் பக்க வரிசையில் உன் மகனோடு உட்கார்ந்து பார். லெஸ்டரின் அடுத்த ஆண்டுக் கணக்கறிக்கை வெளிவந்ததும், சம்பளச் செலவு இருக்கும் பக்கத்தையும், ஊழியர் எண்ணிக்கை இருக்கும் பக்கத்தையும் எனக்குப் படமெடுத்து அனுப்பு. இரண்டாவது பக்கத்தை மறந்துவிடாதே. அதில் ஆட்டக்காரர் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

வீட்டில் எல்லோரையும் சுகம் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்.