கடன் விழாவுக்கு வந்த நிருபர் மாதக் கூட்டத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் வழங்கிய விழா பற்றிய செய்தியைப் படித்தேன். எத்தனை குழு, எவ்வளவு தொகை, மேடையில் யார் யார் என்று எல்லாம் இருந்தது. அந்தக் குழுக்கள் மாதாமாதம் கூடுகின்றனவா என்பது மட்டும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுக்கள் எங்கள் மாவட்டத்தில்தான் 1989-ல் தொடங்கின. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. அப்புறம் சேலம், தென்னாற்காடு என்று விரிந்து, 1997-ல் மகளிர் திட்டமாக மாநிலத்துக்கே வந்தது. அந்தக் காலத்துக் குழுப் பெண்கள் இன்றும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடப் பழகியதே தீர்மானப் புத்தகத்தில்தான் என்று அவர்களில் பலர் பெருமையாகச் சொல்வார்கள்.

எங்கள் குழுக் கூட்டம் அங்கன்வாடித் திண்ணையில் நடக்கும். காட்டு வேலை, நூறு நாள் வேலை, சமையல் எல்லாம் முடித்து எல்லாரும் வந்து சேர இரவு ஏழு மணி ஆகிவிடும். குழுவை நடத்தும் ஊக்குநர் போன மாதத் தீர்மானத்தைப் படிப்பார். சேமிப்பும் தவணையும் எல்லார் கண் முன்னால் எண்ணி எழுதப்படும். வங்கி பாஸ் புத்தகம் ஒவ்வொருவர் கையாகச் சுற்றி வரும். இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் எடுப்பது உள்கடன், அதாவது குழுப் பணத்திலிருந்தே உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன், பற்றிய பேச்சுதான். இருக்கிற பணம் ஒருத்திக்குத்தான் போதும், கேட்பவர்களோ மூன்று பேர் என்றால் யாருக்கு முதலில் கொடுப்பது? மகனுக்குக் கல்லூரிக் கட்டணமா, மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவா, கன்று போட்ட மாட்டுக்குத் தீவனமா? சண்டையும் வரும். ஆனால் கேட்டவளே, "சரி, அவளுக்குக் கொடுங்க, நான் அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்று சொல்வதையும் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கியவள் கட்டும் வட்டியும் எங்கள் குழுவிலேயேதான் சேரும்.

பணக் கணக்கு முடிந்ததும் ஊர்ப் பேச்சு. குடிநீர் ஏன் வரவில்லை, அடுத்த கிராம சபையில் என்ன கேட்பது, யாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனது என்று போகும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்ற விஷயம் ஒரு தடவை இப்படித்தான் எங்கள் காதுக்கு வந்தது. நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து போய் அந்தத் தாயிடம் பேசினோம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தால் அதிகாரிகள் வருவார்கள் என்பதையும் சொன்னோம். பேச்சு நின்றது, அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். ஒருத்தி தனியாகப் போயிருந்தால் அந்த வாசலில் நின்றிருக்கவே முடியாது.

இப்போது பல குழுக்களில் இந்தக் கூட்டம் நின்றுகொண்டே வருகிறது. செல்போனில் பணம் போட்டுவிடுகிறார்கள். தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு வீடாகச் சுற்றி வந்து கையெழுத்து வாங்கிப் போகிறது. புத்தகத்தைப் பார்த்தால் கூட்டம் தவறாமல் நடந்த மாதிரி இருக்கும். கையிருப்பு எவ்வளவு, யார் பெயரில் எவ்வளவு கடன் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு வங்கியில் இருந்து ஆள் வரும்போதுதான் தெரியவருகிறது. அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் நல்லவர்களே. ஆனாலும் மற்றவர்கள் கேட்காத கணக்கைத் தனியாகச் சுமப்பது அவர்களுக்கும் ஆபத்து.

இன்னொரு குழப்பமும் உண்டு. தனியார் நிதி நிறுவனங்களும் பெண்களை உட்காரவைத்து வாராவாரம் வசூல் செய்கின்றன. ஊரில் அதையும் குழு என்றுதான் சொல்கிறோம். அங்கே தீர்மானம் கிடையாது, சேமிப்பு கிடையாது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வட்டி முழுதும் வெளியே போகிறது. தவணை கட்ட மட்டும் கூடிப் பழகியவர்கள் எங்கள் கூட்டத்துக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகப் பார்க்கிறார்கள். நான் ரொம்பக் கவலைப்படுவது இதற்குத்தான்.

ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்கு எழுதுதல் என்ற ஐந்தையும் பார்த்துத்தான் குழுக்களைத் தரம் பிரிக்கிறார்கள். கூட்டம் நடக்கிறதா என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தரம் பிரிக்கும் அதிகாரியும் வங்கி அலுவலரும் ஒரு கூட்டத்திலாவது முழுதாக உட்கார வேண்டும். எங்களைப் பகல் பதினொரு மணிக்கு ஒன்றிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர்கள் எங்கள் நேரத்துக்கு வரலாம். மகளிர் குழுக்களுக்காகக் கட்டிய கட்டடங்கள் எத்தனையோ ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது சிமெண்ட் மூட்டை அடுக்கப் பயன்படுகின்றன. அவற்றைத் திறந்து, ஒரு விளக்கும் கழிப்பறையும் சரிசெய்து கொடுத்தால் போதும். மழைக்காலத்தில் திண்ணையில் உட்கார இடமில்லாமலே எங்கள் பக்கம் பல கூட்டங்கள் தள்ளிப்போகின்றன.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கடன் விழாவுக்கு நிருபரை அனுப்பினீர்கள். ஒரு மாதக் கூட்டத்துக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊராட்சியில் எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் வரலாம், முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம். இரவு ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.