கல்சியத்தை நிறுத்தச் சொன்ன மருத்துவப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வசனம்: "புற்றுநோய்க் கலங்கள் உடலெங்கும் நகர்வது கல்சியத்தின் உதவியால்தான், ஆகவே நோயாளிகள் பால், நெத்தலி, கல்சியம் குளிசை ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது." முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி யாருடைய மூளையில் உதித்ததோ. கட்டுரையாளர் பெயர் இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன், அடியில் 'இணையம்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் தொடர்மாடியில் மேலே ஒரு மாமி இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது லெட்ரோசோல் எடுக்கிறார். அந்த மருந்து ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோனைக் குறைக்கும், ஈஸ்ட்ரஜன் குறைந்தால் எலும்பு தேயும், அதனால்தான் கிளினிக்கில் கல்சியமும் விற்றமின் டீயும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல, தெரியாமலா மருத்துவப் பக்கம் நடத்துவீர்கள். மாமி வீட்டு பிரிட்ஜ் கதவில் உங்கள் கட்டுரை ஒட்டியிருக்கிறது, அந்த வசனத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு. குளிசை அட்டைகள் பிரிக்கப்படாமல் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. "பேப்பரிலேயே போட்டிருக்கு ரீச்சர், நான் நிப்பாட்டிட்டன்" என்கிறார். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியும் உங்கள் பேப்பருக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கலத்துக்கு வெளியே இருக்கும் கல்சியம் அயன், உள்ளே குழியவுரு என்ற கூழ்மத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. கலம் ஓயாமல் அதை வெளியே தள்ளியும் அகமுதலுருச் சிறுவலை என்ற உள் சேமிப்பறைக்குள் பூட்டியும் உள்ளே அளவைக் குறைத்தே வைத்திருக்கிறது. அதனால்தான் கல்சியத்தை உள்ளே விடும் ஒரு கதவு ஒரு கணம் திறந்தாலே உள்ளே அது பெரிய செய்தியாகிவிடுகிறது. நகரும் கலத்தில் பொதுவாக முன்பக்கம் கல்சியம் குறைவு, பின்பக்கம் கூட. முன் விளிம்பில் மட்டும் சின்னச் சின்னதாக மின்னி மறையும், கலம் எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் அந்த மின்னலுக்குப் பங்கு உண்டு. பின்பக்கத்தில் மயோசின் என்ற புரதம் சுருங்கி உடலை முன்னே இழுக்கவும், கல்பெயின் என்ற நொதியம் தரையோடு ஒட்டியிருக்கும் பிடியை அறுத்து வாலை விடுவிக்கவும் கல்சியம் வேண்டும். 100ஆம் இலக்க பஸ்ஸில் கண்டக்டர் அடிக்கும் பெல் மாதிரிதான் இது. பஸ் ஓடுவது டீசலில், பெல்லில் அல்ல, ஆனால் பெல் எப்போது எத்தனை தரம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தே பஸ் நிற்பதும் எடுப்பதும்.

இதே பெல்லைக் கேட்டுத்தான் காயத்தை மூட வரும் தோல் கலமும் கிருமியைத் துரத்தும் வெண்குருதிக் கலமும் நகர்கின்றன. அவற்றையும் நிறுத்தச் சொல்வீர்களா?

உங்கள் 'இணையம்' எதைப் பார்த்து இதை எழுதியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2009இல் வந்த ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் கல்சியக் கதவான ஒராய்1, அதைத் திறக்கவைக்கும் ஸ்டிம்1 என்ற இரண்டு புரதங்களைக் குறைத்தபோது கலங்களின் நகர்வும் எலிகளில் நோய் பரவுவதும் குறைந்தன. அருமையான வேலை. ஆனால் அங்கே அடைத்தது கலமென்சவ்வில் இருக்கும் கதவை, எலியின் பால் கிண்ணத்தை அல்ல. மாமி நெத்தலியை விட்டால் அந்தக் கதவுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் குருதியில் கல்சியம் சற்று இறங்கினாலே பராதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். நட்டம் முழுக்க எலும்புக்கு. நோய் எலும்புக்குப் பரவி குருதியில் கல்சியம் ஏறிவிட்ட சிலருக்குக் குளிசையை நிறுத்துவார்கள்தான், அதை ரிப்போர்ட் பார்த்து டொக்டர் சொல்லட்டும், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வேண்டாம்.

இது முதல் தடவையும் இல்லை. டெங்கு காலத்தில் பப்பாசி இலைச்சாறு குடித்தால் ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை என்று போட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தில் கண்டனத்தை வெட்டிவிட்டு, "உங்கள் பத்திரிகையின் நீண்டகால வாசகி நான்" என்ற வரியை மட்டும் பத்திரமாகப் பிரசுரித்தீர்கள், நன்றி. முன்பு பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கிற அளவுக்கு ஒரு அறிவியல் பக்கம் இருந்தது. அது அரைப் பக்கமாகி, பிறகு கால் பக்கமாகி, இப்போது நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே ராசிபலனோடு இடிபட்டுக்கொண்டிருக்கிறது. ராசிபலனில் மட்டும் இதுவரை ஒரு கிரகமும் விடுபட்டதில்லை.

1883இல் சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளை இதயத்தை வைத்துப் பரிசோதனை செய்தபோது, லண்டன் குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்புக் கரைசலில் துடித்த இதயம் அதே உப்பைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தபோது ஓய்ந்துபோனது. குழாய்த் தண்ணீரில் கல்சியம் இருந்ததுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்து, கல்சியத்தைக் கணக்கில் எடுக்காத தன் பழைய முடிவைத் திருத்தி அச்சிலும் போட்டார். அவர் பெயரில் வந்த சேலைனைத்தான் இன்றும் கொழும்பு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஏற்றுகிறார்கள். திருத்தம் போட்டதால் அவருடைய மானம் ஒன்றும் போய்விடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "டொக்டர் எழுதிக் கொடுத்த கல்சியத்தை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்" என்று இரண்டு வரி போடுங்கள். கடிதத்தில் இடம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டி வந்தால் ரிங்கரை வெட்டுங்கள், அந்த இரண்டு வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம். பெட்டிச் செய்தியாக வந்தால் நல்லது, மாமிக்கு வெட்டி ஒட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.