அனுமதி எண் போதும், தாள் வேண்டாம்: குவாலியருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: போதைப்பொருள் ஆணையர் அவர்கள், மத்திய போதைப்பொருள் பணியகம், குவாலியர்.

வணக்கமுங்க.

கோயம்புத்தூரில் கஸ்டம்ஸ் க்ளியரிங் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். திருப்பூர் பனியன், எங்கள் ஊர் பம்புசெட், கிரைண்டர், பொள்ளாச்சி தேங்காய்நார் என்று அனுப்புவதுதான் என் பிழைப்பு. இடையிடையே மருந்தும் வரும். அதிலும் கொஞ்சம், உங்கள் கையெழுத்து இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்ட முடியாத மருந்து. இந்த மடல் அந்தக் கொஞ்சத்தைப் பற்றியது. உங்கள் அலுவலகத்துக்கு மட்டுமென்றால் ஆங்கிலத்தில் மனு போட்டிருப்பேன். இங்கே மருந்து செய்கிறவர்களும் அனுப்புகிறவர்களும் படிக்க வேண்டுமென்றுதான் தமிழில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கடல் தாண்டிய ஒரு சிறு நாட்டுக்குப் பினோபார்பிட்டோன் மாத்திரை போக வேண்டியிருந்தது. வலிப்பு நோய்க்கான மருந்து, விலையும் மலிவு. அந்த நாட்டின் இறக்குமதி அனுமதி கூரியரில் அசலாக வந்தது. அதில் இருந்த கையெழுத்து முன்பு வந்த அனுமதிகளில் இருந்தது போல இல்லை என்று ஒரு மேசையில் சந்தேகம் எழுந்தது. சந்தேகப்பட்டது சரிதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் கடிதம் போய், பதில் வந்து சேர்வதற்குள் அந்த அனுமதியின் காலாவதித் தேதியே தாண்டிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. சரக்கு கோடவுனில் உட்கார்ந்திருந்தது. வாங்குகிறவர் போனில் கத்தவில்லை, "இன்னும் எத்தனை நாளுங்க?" என்ற பொருளில் திரும்பத் திரும்பக் கேட்டார், அவ்வளவுதான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்க நான் வரவில்லை. 1961ஆம் ஆண்டு போதைமருந்து ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவை ஒருமுறை ஊன்றிப் படித்தவன் அப்படிக் கேட்கமாட்டான். வாங்கும் நாடு முதலில் அனுமதி தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் அனுப்பும் நாடு தர வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி. மருந்தின் பெயர், அளவு, இருபக்கத்து முகவரி, செல்லுபடிக் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அஞ்சல் பெட்டி எண்ணுக்கு அனுப்பவே கூடாது. அனுப்பும் நாட்டு அனுமதியின் ஒரு படி சரக்கோடு போகும், இன்னொரு படி நேராக வாங்கும் நாட்டு அரசுக்குப் போகும். சரக்கு சேர்ந்ததும் எவ்வளவு சேர்ந்தது என்று குறித்து அந்த அரசு திருப்பி அனுப்ப வேண்டும். மார்பின், பென்டனில் போன்ற கடும் வலிமருந்துகளுக்கு இது கட்டாயம். மனநல மருந்துகளுக்கான 1971 ஒப்பந்தம் முதல் இரண்டு பட்டியல்களுக்குத்தான் இரட்டை அனுமதியை விதித்தது. ஆனாலும் டயஸிபாம், பினோபார்பிட்டோன் இருக்கிற நாலாவது பட்டியலுக்கும் பல நாடுகள் தாமாகவே கேட்கின்றன.

அறுபது வருஷத்துக்கு முன்னால் இதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் கையில் தாள்தான் இருந்தது, அதனால் தாளைச் சொன்னார்கள். தாளின் பலவீனம் இரண்டு. ரப்பர் ஸ்டாம்பை யாரும் செய்துவிடலாம். அடுத்தது, சரக்கு சேர்ந்தபின் திரும்ப வேண்டிய அந்தப் படி. அது வராவிட்டால், அனுப்பியது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, வழியில் பெட்டி குறைந்ததா என்று அனுப்பிய நாட்டுக்குத் தெரியவே தெரியாது. முதல் பலவீனத்தை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஐ.நா. போதைமருந்து ஆணையம் 2012இல் ஒரு தீர்மானம் போட்டது. அதைத் தொடர்ந்து 2015இல் வியன்னாவிலுள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் ஐ2இஎஸ் என்ற மின்னணு அனுமதி அமைப்பைத் திறந்தது. அரசுகளுக்குக் கட்டணம் கிடையாது. அனுமதி கொடுப்பது அந்தந்த நாடுதான், வியன்னா அல்ல. அமைப்பு செய்வது இவ்வளவு: இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே பதிவைப் பார்க்கிறார்கள், கேட்ட அளவு அந்த நாடு வருஷத்துக்குத் தெரிவித்திருக்கும் தேவைக்குள் அடங்குகிறதா என்று தானாகவே சரிபார்க்கிறது, சரக்கு சேர்ந்த அளவையும் அதிலேயே பதியலாம். கையெழுத்தை உற்றுப் பார்க்கிற வேலையே இல்லை.

இணையத்தில் அனுமதி என்றால் கெடுபிடி குறைந்துவிடும் என்று எங்கள் தொழிலிலேயே சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறுங்க, கூடும். ஒளித்து அனுப்புகிறவனுக்குத்தான் தாள் வசதி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2018இல் டிராமடால் என்ற வலிமருந்தை நம் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் டபென்டடால் என்ற வலிமருந்தும் கரிசோப்ரோடால் என்ற தசை தளர்த்தும் மருந்தும் கலந்த மாத்திரையின் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் அது விற்ற கதை வெளியே வந்தபின்தான். அப்போது டபென்டடால் சர்வதேசப் பட்டியல்களில் இல்லாததால் இந்த இரட்டை அனுமதி அதற்கு இருக்கவில்லை. அந்தத் தலைகுனிவுக்குப் பிறகு மருந்துப் பெட்டி எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும் மனநிலை வந்திருக்கிறது. கட்டுப்பாட்டுக்குள் ஒழுங்காக இருக்கிற சரக்கு, கட்டுப்பாட்டுக்கு வெளியே நடந்த தப்புக்குத் தண்டம் கட்டுகிறது.

நான் கேட்பது இதுதான். விண்ணப்பம் இணையத்தில் வாங்குகிறீர்கள், நல்லது. அனுமதி வந்தபின் என்ன நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியட்டும். எதிர்நாட்டு அதிகாரி பார்த்தாரா, ஒப்பினாரா, சரக்கு சேர்ந்ததாகப் பதிந்தாரா என்பதை விண்ணப்ப எண்ணைத் தட்டினால் காட்ட வேண்டும். பனியன் பெட்டியின் ஷிப்பிங் பில் எந்த நிலையில் இருக்கிறது என்று கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில் பார்க்கிறேன், வலிப்பு மாத்திரைக்கு மட்டும் ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தெந்த நாடுகளோடு மின்னணு வழி ஓடுகிறது, எவை இன்னும் அசல் தாளையே கேட்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஆர்டர் பிடிக்கும்போதே வாங்குகிறவரிடம் பேசிவிடுவோம். சென்னையில் கஸ்டம்ஸ் அதிகாரி அசலைக் கேட்காமல் உங்கள் பதிவிலிருந்தே அனுமதியை எடுத்துப் பார்க்க வழி செய்யுங்கள். அளவும் ஆளும் மாறாமல் விமானத் தேதி மட்டும் தள்ளிப்போனால் புது அனுமதிக்குப் பதிலாகத் தேதித் திருத்தம் கொடுங்கள், எதிர்நாடும் ஒப்புக்கொண்டால்.

உள்நாட்டில் நீங்கள் இதைவிடக் கடினமானதைச் செய்திருக்கிறீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்தைத் தொடர்ந்து மார்பின் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதைமருந்து என்று பிரித்து, மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்த லைசென்ஸ் குழப்பத்தை அரசு முடித்தது. புற்றுநோய் வலியில் கிடக்கிறவர்களுக்கு அதனால்தான் ஒரு கதவு திறந்தது. இப்போது கேட்பது அதில் பாதிகூட இல்லை.

சோதனை ஓட்டம் போடுவதாக இருந்தால் மும்பை, டெல்லி பெரிய கம்பெனிகளை மட்டும் கூப்பிட வேண்டாம். இங்கேயும் சின்ன ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள், தப்பு எங்கே வருகிறது என்று அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். பயிற்சிக்கு ஒரு நாள் கோவைக்கு ஆள் அனுப்புங்கள். இடமும் ஆளும் சேர்ப்பது எங்கள் பொறுப்புங்க.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு க்ளியரிங் ஏஜென்ட்