எங்க ஊரு மருத்துவச்சிங்க கதைய எப்போ போடுவீங்க?

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ‘கால் த மிட்வைஃப்’ இங்கிலீஷ் சீரியல பத்தி வாசகருங்க பேசுனத ஒரு பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. படிச்சேன். அந்த நர்ஸுங்க தொப்பி அழகு, கோட்டு அழகு, சைக்கிள் அழகு, யாரு டாக்டர கட்டிக்கினாங்க, அந்த வயசான கன்னியாஸ்திரி கேக்க திருடி சாப்புடுறது சிரிப்பு, எல்லாம் சரிதான், நானும் ரசிச்சேன். ஆனா மொத்த பக்கத்துலயும் பிரசவம் எப்படி பாக்குறாங்கன்னு ஒருத்தர் கூட ஒரு வரி எழுதல. மருத்துவச்சிங்கள பத்தின சீரியலுங்க அது. சமையல் போட்டி பாத்துட்டு பாத்திரத்த மட்டும் பேசுனா எப்படி இருக்கும் சொல்லுங்க.

எங்க அம்மா கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிடயர் ஆனவங்க. குடியாத்தத்துல எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு ரிடயர்டு நர்ஸம்மாங்க இருக்காங்க, ஒருத்தவங்க பிஎச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, ஸ்டாஃப் நர்ஸா இருந்தவங்க, இன்னொருத்தவங்க எதுத்த வீட்டு ஆப்பா, அவங்க தனியார் ஆஸ்பத்திரி லேபர் வார்டு. மூணு பேரும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க வீட்டு டிவிலதான் இந்த சீரியல பாக்குறாங்க. என் பொண்ணு கீழ வர்ற இங்கிலீஷ் எழுத்த படிச்சு தமிழ்ல சொல்லுவா, பாதி நேரம் அவ சொல்றதுக்கு முன்னாடியே இவங்களுக்கு புரிஞ்சிடும். இவங்க பேசுற பேச்சுதான் எனக்கு சீரியல விட சுவாரசியம்.

ஒரு எபிசோடுல அந்த உயரமான நர்ஸு, கொழந்தைக்கு தலை முன்ன வராம இடுப்பு முன்ன வருது, பிரீச்சுன்னு சொல்லுவாங்க இல்ல, அத தனியா பாக்குறாங்க. மூணு பேரும் சோஃபா நுனிக்கு வந்துட்டாங்க. “இழுக்காதம்மா, இழுக்காத, கைய எடு, தானா தொங்கட்டும், பொடரி தெரியட்டும்”னு எங்கம்மா டிவியப் பாத்து கத்துறாங்க, பக்கத்து வீட்ல இன்னா சண்டைன்னு எட்டிப் பாக்குறாங்க. இன்னொரு சீன்ல மரத்துல செஞ்ச குழல் ஒண்ண வயித்து மேல வச்சு காத அதுல குடுத்து கேப்பாங்க பாருங்க, அத வச்ச உடனே ஸ்டாஃப் நர்ஸம்மா கை தானா வாட்ச்சுக்கு போகுது. வயித்துல கீற கொழந்தைக்கு நிமிஷத்துக்கு 120லேர்ந்து 160 துடிப்பு இருக்கணும், ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும்னு அவங்களுக்கு படிச்சு குடுத்ததாம், டிவில அந்த நர்ஸு அவசரமா எண்ணி முடிச்சிட்டாங்கன்னு கோவம். கொழந்தைக்கு கழுத்துல கொடி சுத்திக்கினு வந்தா அந்த ஊருல விரல விட்டு கழட்டிட்டு அடுத்த வேலைய பாக்குறாங்க, ஆப்பா சிரிச்சுக்கினே கேக்குறாங்க, “அவங்க ஊர்ல தாய்மாமன் எண்ணெயில மொகம் பாக்க வேணாமா?”

நம்ம சீரியல்ல பிரசவம்னா இன்னா காட்டுறாங்க? மாடிப்படில எண்ணெய ஊத்தி வச்சிருப்பாங்க, புள்ளத்தாச்சி வழுக்கி விழுவா, மூணு வாரம் ஆபரேஷன் தியேட்டர் செவப்பு லைட்டு, டாக்டர் வெளில வந்து “பெரிய உசுரா சின்ன உசுரா”ன்னு கேப்பாரு. நர்ஸுன்னு ஒரு பொண்ணு தட்டு தூக்கிக்கினு குறுக்க ஓடும், அவ்ளோதான் அவங்க வேஷம்.

அந்த சீரியல் 2012 ஜனவரில ஆரம்பிச்சது. கதை 1957ல லண்டன் கிழக்கு பக்கம் பாப்லர்ங்கிற துறைமுக ஏழைங்க ஏரியால தொடங்குது. அப்போ இங்கிலாந்துல மூணு பிரசவத்துல ஒண்ணு வீட்லதான். இப்போ நம்ம கணக்க பாருங்க. 1992-93ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வெளிலதான். அதாவது அவங்களுக்கு 1950கள்னா நமக்கு அது 1990கள். அவங்களுக்கு பழைய கால கதை, எங்க அம்மாவுக்கு நேத்து பாத்த வேலை. இப்போ 2019-21 சர்வேல ஆஸ்பத்திரி பிரசவம் நூத்துக்கு 99.6. ஒரு தலைமுறைல இவ்ளோ பெரிய மாத்தம் நடந்திருக்கு, அத கையால செஞ்ச பொம்பளைங்க இன்னும் உசுரோட கீறாங்க, நாம அவங்கள கேக்காம லண்டன் நர்ஸு தொப்பிய பத்தி பேசிக்கினு இருக்கோம்.

அம்மா சொன்ன ஒண்ண எழுதுறேன். மோர்தானா பக்கம் ஒரு கிராமத்துல வேலை பாத்தப்போ ராத்திரில கதவ தட்டுனாங்களாம், போய் பாத்தா கொழந்த பொறந்துடுச்சு, நஞ்சுக்கொடியும் விழுந்துடுச்சு, ஆனா ரத்தம் நிக்கல. ரத்தத்த நிறுத்த மெத்தர்ஜின் ஊசி போட்டுட்டு டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோல் போட்டு அந்த பொண்ண படுக்க வச்சு குடியாத்தம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வரைக்கும் வழி முழுக்க அடிவயித்துல கைய வச்சு தேய்ச்சுக்கினே வந்தாங்களாம். கருப்பை கல்லு மாதிரி இறுகணும், கைய எடுத்தா மறுபடி இளகிடும், ரத்தம் கொட்டும், அதனால பள்ளத்துல டிராக்டர் தூக்கிப் போட்டாலும் கைய எடுக்கக் கூடாது. இத சொல்லும்போது தலைகாணிய மடியில வச்சு செஞ்சு காமிச்சாங்க, விரல குழிச்சு, வட்டமா, அழுத்தி. அந்தம்மா பொழச்சுக்கிச்சு. இத எந்த டைரக்டர் எடுத்திருக்காரு?

அதுக்கு முன்ன தொப்புள் கொடிய அருவாள்ல அறுத்து, சாம்பல், சாணி வச்சதெல்லாம் உண்டு. பொறந்து ஒரு வாரத்துல தாடை இறுகி பால் குடிக்க முடியாம செத்துப் போன கொழந்தைங்க எத்தினி. அது டெட்டனஸ் நோய், அது வராம இருக்க கர்ப்பிணிக்கு டிடி ஊசி போட வீடு வீடா நடந்தாங்க, சோப்பு, புது பிளேடு, நூலு, பிளாஸ்டிக் ஷீட்டு வச்ச ஒரு சின்ன பொட்டலம் குடுத்தாங்க, அந்த ஊரு மருத்துவச்சி கெழவிங்களுக்கே பயிற்சி குடுத்தாங்க. 2015ல இந்தியாவுல பச்சக் கொழந்தைங்களுக்கு வர்ற டெட்டனஸ ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்களே, அது இப்படி நடந்து நடந்து வந்ததுதான்.

இந்த மருத்துவச்சி கெழவிங்க பத்தியும் நேர்மையா பேசணும். எங்க பக்கம் பாதி ஊர்ல முடி திருத்துறவங்க வீட்டு பொம்பளைங்கதான் பிரசவம் பாத்தாங்க, சில ஊர்ல சேரிலேர்ந்து வருவாங்க. பெரிய வீட்டு வாரிச கையில ஏந்தி கொடி அறுக்குறது அவங்க, ஆனா வர்றது பின்வாசல் வழியா, அந்த வேலை தீட்டு. கூலின்னா ஒரு மரக்கா நெல்லு, ஒரு பழைய பொடவை, ஆம்பள புள்ளைன்னா கொஞ்சம் கூட. பாப்லர்ல ஏழைங்க வீட்டு வாசல்ல நர்ஸு சைக்கிள் வந்தா வழி விடுறாங்கன்னு காட்டுறாங்க. எங்க ஊரு கதைய எடுத்தா முன்வாசலா பின்வாசலாங்கறதுலயே ஒரு எபிசோடு ஓடும். அத மழுப்பிட்டு வெறும் பாட்டி வைத்தியம், கஷாயம்னு பெருமை பேசி எடுக்குறதா இருந்தா எடுக்கவே வேணாம்.

வேலூர்னா உடனே சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச அமெரிக்க டாக்டரம்மா ஐடா ஸ்கடர் கதைய சொல்லுவீங்க. ஒரே ராத்திரில மூணு வீட்டுலேர்ந்து ஆளுங்க வந்து பிரசவத்துக்கு கூப்பிட்டாங்க, ஆம்பள டாக்டர் தொடக் கூடாதுன்னு அவங்க அப்பாவ வேணாம்னாங்க, விடிஞ்சா மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க, அதனால அவங்க டாக்டருக்கு படிச்சு 1900ல திரும்பி வந்தாங்க. ஸ்கூல் பசங்களுக்கு கூட மனப்பாடம். எனக்கு அந்தம்மா மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா எல்லாரும் அந்த ராத்திரியோட கதைய நிறுத்திடுறாங்க. 1909ல நர்ஸிங் பள்ளி ஆரம்பிச்சாங்க, அதுல சேந்த நம்ம ஊரு பொண்ணுங்க யாரு, கல்யாணம் பண்ணாம அடுத்தவங்க வீட்டு ரத்தத்த கழுவப் போறியான்னு வீட்ல கேட்டப்போ இன்னா சொல்லிட்டு வந்தாங்க? குடியாத்தம் ரோட்ல மரத்தடில நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பாத்தாங்க, 1909ல ஒரு பெஜோ கார் வந்தது, பேய் வருதுன்னு ஜனங்க ஓடுனாங்களாம். அந்த கார் பின்னாடி மருந்து பெட்டிய புடிச்சிக்கினு உக்காந்திருந்த தமிழ் பொண்ணு கண்ணு வழியா அந்த ரோட்ட பாக்க எனக்கு ஆசை. 1918ல பொம்பளைங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊரு சார் இது, ஆம்பளைங்கள 1947லதான் சேத்துக்கினாங்க. சீரியலுக்கு வேற இன்னா கதை வேணும்?

இத உங்களுக்கு எதுக்கு எழுதுறேன்னா, அந்த இங்கிலீஷ் சீரியலே ஒரு பத்திரிகை கட்டுரைலேர்ந்துதான் வந்தது. 1998ல டெர்ரி கோட்ஸ்னு ஒரு மிட்வைஃப், அவங்க தொழில் பத்திரிகைல, கதைங்கள்ல மிட்வைஃபே காணோம், கால்நடை டாக்டருங்களுக்கு ஜேம்ஸ் ஹெரியட் எழுதுன மாதிரி எங்களுக்கு யாராவது எழுதுங்களேன்னு கேட்டு எழுதுனாங்க. அத படிச்சுட்டு ஜெனிஃபர் வொர்த்ங்கிற ரிடயர்டு நர்ஸு பேனாவ எடுத்தாங்க, 2002ல புக் வந்தது, அதுலேர்ந்துதான் சீரியல். பாவம், அவங்க 2011லயே போயிட்டாங்க, டிவில வந்தத பாக்கல. கட்டுரை எழுதுன டெர்ரி கோட்ஸ் அதே சீரியலுக்கு ஆலோசகரா உக்காந்து நடிகைங்களுக்கு எப்படி புடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. எங்க வீட்டு மூணு பேரும் குத்தம் கண்டுபுடிக்க இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு அவங்கதான் காரணம்.

அந்த சீரியல் தன் ஆளுங்கள தூக்கி வச்சுக்கினு மட்டும் ஆடல, அதுவும் எனக்கு புடிச்சது. மசக்கை வாந்திக்குன்னு தாலிடோமைடு மாத்திரைய நம்பி எழுதிக் குடுத்த நல்ல டாக்டர், அப்புறம் கை கால் சரியா வளராம கொழந்தைங்க பொறக்கவும் உடைஞ்சு போறாரு. நெசத்துல அந்த மாத்திரைய அங்க 1958லேர்ந்து வித்து 1961 கடைசிலதான் நிறுத்துனாங்க. நம்ம நர்ஸம்மாங்க கிட்டயும் இப்படி சொல்ல வேண்டியது இருக்கும், ஆள் புடிக்க சொல்லி குடும்பக் கட்டுப்பாடு டார்கெட் குடுத்த காலத்த பத்தி எங்கம்மாவ கேட்டா பேச்ச மாத்துறாங்க.

அதனால ஒரு வேண்டுகோள்ங்க. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, நம்ம பழைய வடாற்காடு நாலு ஜில்லாவுலயும் ரிடயர்டு நர்ஸுங்க, ஊரு மருத்துவச்சிங்க கிட்ட பேட்டி எடுத்து வாரம் அரை பக்கம் போடுங்க. ஜவ்வாது மலை, பீஞ்சமந்தை பக்கம் டோலி கட்டி தூக்கின கதைங்கள அந்த மலைல வாழுற மலையாளி பழங்குடி ஜனங்க கிட்டயே கேளுங்க. “எழுதி அனுப்புங்க”ன்னு அறிவிப்பு மட்டும் போட்டீங்கன்னா ஒண்ணும் வராது, பாதி பேரு எழுதிப் பழக்கமில்லாதவங்க, மீதி பேரு வாழ்நாள் முழுக்க ரிஜிஸ்டர் எழுதியே சலிச்சவங்க. நேர்ல ஆள் அனுப்பணும், பொம்பள நிருபரா இருந்தா நல்லது, ஆம்பளைன்னா இவங்க பாதிதான் சொல்லுவாங்க. பிரசவம் ஆனவங்க பேரு, ஊரு போடக் கூடாது, அதுல எங்கம்மா ரொம்ப கறார்.

எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா காலைல பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க, மூணு பேரும் அப்போ சும்மாதான் உக்காந்திருப்பாங்க. ஆப்பாவுக்கு இடது காது கேக்காது, வலது பக்கம் உக்காந்து பேசச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம்