அந்த மாத்திரையை நிறுத்தாதே, கண்ணு

ஏற்காடு

அன்புள்ள கதிருக்கு,

முகம் உப்பிவிட்டது, ஸ்டீராய்டு மாத்திரையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றாய். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். புனேவில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். இதை மட்டும் முழுவதும் படித்துவிடு.

அறுவை சிகிச்சை அன்று நீ மயக்கத்தில் இருந்தாய். மருத்துவர் எங்களிடம் சொன்னதெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

சேலத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் முதலில் தெரிந்தது பிட்யூட்டரி கட்டிதான். பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. அதற்கு மேலேதான் பார்வை நரம்புகள் குறுக்கே செல்கின்றன. கட்டி அங்கே அழுத்தியதால்தான் மலைப்பாதை வளைவுகளில் பக்கவாட்டில் வந்த வண்டிகள் உனக்குத் தெரியவில்லை. அப்பா பைக் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் மருத்துவரை உறுத்தியது உன் தாகம். இரவெல்லாம் தண்ணீர் குடித்தாய், எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்கப் போனாய். சாதாரணக் கட்டி அறுவை சிகிச்சைக்கு முன்பே இப்படிச் செய்வது அரிதாம். தலைவலியும் இருந்தது, படத்தில் கட்டியின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரிந்தது. “உள்ளே சீழ் இருக்கலாம்” என்றார். காய்ச்சலே இல்லையே என்று அப்பா கேட்டார். இந்தச் சீழ்க்கட்டியில் பலருக்குக் காய்ச்சல் வராது, திறந்து பார்த்த பிறகே உறுதியாகும் என்றார்.

மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை நுழைத்து, மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு காற்றறையைக் கடந்து, சுரப்பியின் உறையைக் கீறியதுமே கெட்டியான மஞ்சள் சீழ் வந்ததாம். மண்டையைத் திறந்து மேலிருந்து போனால் அந்தச் சீழ் மூளையைச் சுற்றிய நீரில் கலந்து மூளைக்காய்ச்சலில் விடலாம். கீழிருந்து போனாலும் மேலே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியக் கூடாது. அதனால் சவ்வோடு ஒட்டியிருந்த கட்டித் துணுக்கை இழுக்காமல் விட்டுவிட்டேன் என்றார். அந்த நிதானத்துக்காக அவரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீ எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம். கட்டியும் வளரலாம், சீழும் திரும்பலாம்.

கட்டி புற்றுநோய் இல்லை, அடினோமா என்ற சாதாரணச் சுரப்பிக் கட்டி என்று முடிவு வந்தது. சீழில் கிருமி எதுவும் வளரவில்லை. பலருக்கு அப்படித்தான் என்று சொல்லி, ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்.

இனிதான் நான் சொல்ல வந்தது. அறுவை சிகிச்சை சீழை எடுத்தது. சீழ் அழித்த சுரப்பியைத் திருப்பித் தரவில்லை. உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனைத்தான் நீ ஹைட்ரோகார்டிசோன் என்ற இந்த ஸ்டீராய்டு மாத்திரையாக விழுங்குகிறாய். அதைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், மயக்கம் வரும், உயிரே போகலாம். ஸ்டீராய்டு இல்லாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடர்வதும் ஆபத்து. அதனால்தான் மருத்துவமனையில் முதலில் ஸ்டீராய்டு, பிறகே தைராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பினால் அளவு கூடுதலாக இருக்கலாம். குறைக்க வேண்டியது மருத்துவர், நீ அல்ல.

காய்ச்சல் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மாத்திரையை இரட்டிப்பாக்கு. வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் காத்திருக்காதே, ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போ. அதிகச் சிறுநீரையும் தாகத்தையும் கட்டுப்படுத்தும் டெஸ்மோபிரசின் மருந்தை எடுக்கும்போது தாகம் இல்லாமல் தண்ணீரைக் குடித்துத் தள்ளாதே. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ஸ்டீராய்டு எடுப்பவன் என்று எழுதிய அட்டை பர்ஸில் இருக்கட்டும். உன் அறை நண்பனுக்கும் இதையெல்லாம் சொல்லி வை. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

இங்கே காபி பூத்திருக்கிறது, அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

இந்த வாரமே ஹார்மோன் மருத்துவரைப் பார். பழைய எம்.ஆர்.ஐ. படங்களை அப்பா கூரியரில் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது, மருத்துவர் என்ன அளவு எழுதினார் என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா